கையை வேலை வாங்கும் தளத்தைத் தேடுங்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு. நிரல் எழுதுவதையும் கணினிப் பாதுகாப்பையும் இணையத்திலேயே இலவசமாகக் கற்க முடியுமா, எந்தத் தளங்களை நம்பலாம் என்பது கேள்வி. வீட்டில் அண்ணனின் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறதாம். இணையம் கைப்பேசி வழியாகத்தான். ஒரு பயிற்சி நிலையத்தில் ‘எத்திக்கல் ஹேக்கிங்’ வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார், ஆங்கிலம் தடுமாறும் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, முதலில் அந்த நகை வீட்டிலேயே இருக்கட்டும். பணம் கட்டிப் படிப்பதெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்கிற பாடத்துக்கு உலகத்திலேயே மிகச் சிறந்த இடங்கள் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும்?

நான் தண்டையார்பேட்டைக்காரன். பதினான்கு ஆண்டுகளாக சர்வர் பராமரிப்பும் பாதுகாப்பும்தான் தொழில். வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்னையும் உட்கார வைப்பார்கள். வருகிறவர்களிடம் நான் கொடுப்பது ஒரே ஒரு கோப்பு. ஒரு சர்வரில் நுழைய முயன்றவர்களின் பதிவு, ஏறக்குறைய ஆயிரம் வரிகள். ‘இதில் எந்த முகவரியிலிருந்து அதிகமுறை முயன்றிருக்கிறார்கள்?’ என்று கேட்பேன். நான்கைந்து சான்றிதழ்களை அழகாக உறையிலிட்டுக் கொண்டுவந்த பலர் அந்தக் கோப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்துவிடுவார்கள். சிலர் இரண்டு நிமிடத்தில் வரிசைப்படுத்தி, எண்ணி, விடை சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கீழே நான் சொல்லப்போகிற இடங்களில் ஒன்றாக இருக்கும்.

ஒரு தளம் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். நீங்கள் கையால் செய்து காட்டாமல் அடுத்த படிக்கு அது உங்களை விடுகிறதா? விட்டால், அது உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நாற்பது மணி நேரக் காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். வெற்றுத் திரையைத் திறந்து வைத்தால் முதல் வரியே வராது. நம் பக்கத்துத் தெருக்களில் கேரம் ஆடுகிறவர்களைக் கேளுங்கள். பக்கத்தில் நின்று ஆயிரம் ஆட்டம் பார்த்தவனுக்கும் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால்தான் விரல் எங்கே பிசகுகிறது என்று தெரியும்.

நிரல் எழுத, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடத்தில் தொடங்குங்கள். முழுப் பாடமும் இலவசம். அதன் சொந்தத் தளத்தில் எல்லாப் பயிற்சிகளையும் செய்து முடித்தால், அவர்களே தரும் சான்றிதழும் இலவசம். காணொளிகளை விட அதன் பயிற்சிக் கணக்குகள்தான் பொன். ஆரம்பத்தில் வரும் ஒன்று, மாரியோ விளையாட்டில் வருவது போல ஒரு படிக்கட்டைத் திரையில் அச்சிடுவது. சி மொழியில் பத்துப் பதினைந்து வரிதான். ஆனால் முதல் வரியில் எத்தனை வெற்றிடம், எத்தனை குறி என்று தாளில் கட்டம் போட்டுப் பார்க்காமல் வராது. அந்தத் தாள்தான் பாடம். எழுதியதை அனுப்பினால் ஒரு நிரல் சரிபார்த்துத் தவறான இடத்தைக் காட்டும். சி கடினமாகத் தோன்றினால் அதே குழு நடத்தும் பைத்தான் மொழிப் பாடம் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கினாலும் குற்றமில்லை.

இணையப் பக்கங்கள் செய்ய ஆசை இருந்தால் ஃப்ரீகோட்கேம்ப். 2014 முதல் நடந்துவருகிறது, அங்கேயும் ஒவ்வொரு சிறு படியையும் தட்டச்சு செய்துதான் தாண்ட முடியும். இணையப் பக்கம் எழுத உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகள் பற்றிய சந்தேகங்களுக்கு மோசில்லாவின் ஆவணத் தளமான எம்டிஎன். தேடினால் வேறு பத்துத் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். எம்டிஎன்னையே திறக்கப் பழகுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மொழியையோ மென்பொருளையோ உருவாக்கியவர்கள் தாங்களே எழுதிய ஆவணத்தைப் படிக்கும் பழக்கம் எவருக்கு வருகிறதோ, அவர்தான் இந்தத் தொழிலில் நிற்கிறார். பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒரு வழிகாட்டிப் பாடம் இருக்கிறது. வறட்சியாகத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்றீர்களே, இந்த ஆவணங்களின் ஆங்கிலம் நாவலின் ஆங்கிலம் அல்ல. திரும்பத் திரும்ப வரும் முந்நூறு, நானூறு சொற்கள்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொல்லையும் அது வந்த வரியையும் எழுதிக்கொண்டே வாருங்கள். நான் தமிழ்வழியில் படித்தவன். எனக்கு அது ஓர் ஆண்டு பிடித்தது, அதற்குப் பிறகு பயம் போய்விட்டது.

அதுவரை தமிழில் ஊன்றிக்கொள்ள இடம் உண்டு. கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை உள்ளது) பற்றித் தமிழில் எழுதிவருகிறது. லினக்ஸ் இயங்குதளம், பைத்தான், தரவுத்தளம் பற்றிய எளிய மின்னூல்களை அங்கே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பத்து நிமிடம் அளவுள்ள பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. ஒரு பக்கம் பாடத்தை ஓடவிட்டு, மறுபக்கம் அதே கட்டளைகளை நீங்களும் செய்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் அதன் முறை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் கட்டணம். பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் இருக்கிறது. கல்லூரியில் மதிப்பெண்ணோடு சேர்த்துக்கொள்கிறார்களா என்று உங்கள் துறைத்தலைவரிடம் கேட்டு வையுங்கள்.

தமிழையே வைத்து இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் ஐந்து என்று சொல்லும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். புள்ளி தனியாக முன்னால் வந்து அநாதையாக நிற்கும், மகரத்தின் மேல் இருந்த இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சரியாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் (எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது, அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. உள்ளே போய்ப் படியுங்கள். பிறர் எழுதிய நிரலைப் படிக்கும் முதல் அனுபவம் நம் மொழியைப் பற்றியதாக இருந்தால் பிடிப்பு தானாக வரும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த இடத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு கற்க நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஓவர்தவயர் தளத்தின் பான்டிட். அதில் காணொளி இல்லை, ஆசிரியர் இல்லை. எங்கோ இருக்கும் ஒரு லினக்ஸ் கணினிக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைய வேண்டும். வாசல் எண் (போர்ட்) 2220, பயனர் பெயர் பான்டிட்0 (bandit0), கடவுச்சொல்லும் அதுவே. உள்ளே போனால் கறுப்புத் திரை, ஒரு துடிக்கும் கோடு. எங்கோ ஒரு கோப்பில் அடுத்த படிக்கான கடவுச்சொல் இருக்கிறது. அதைக் கண்டெடுத்தால்தான் அடுத்த கதவு திறக்கும். முப்பதுக்கும் மேற்பட்ட கதவுகள்.

முதல் படியில் கோப்பின் பெயர் ரீட்மீ (readme). எல்எஸ் (ls) என்று அடித்தால் பெயர் தெரியும், கேட் (cat) என்ற கட்டளையில் அந்தப் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருப்பது தெரியும். எளிது. அடுத்த படியில் கோப்பின் பெயரே வெறும் ஒரு இடைக்கோடு. கேட், இடைக்கோடு என்று அடிப்பீர்கள். ஒன்றும் நடக்காது. திரை அப்படியே நின்றுவிடும். இணையம் போய்விட்டது என்று பலர் நினைத்து மூடிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே கணினி உங்களுக்காகக் காத்திருக்கிறது. இடைக்கோடு என்றால் ‘விசைப்பலகையிலிருந்து வருவதைப் படி’ என்று அந்தக் கட்டளை பொருள்கொள்ளும். அப்படியானால் ‘இது கோப்பு’ என்று அதற்கு எப்படிப் புரியவைப்பது? விடையை நான் சொல்ல மாட்டேன். கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தாக்குதல் என்று நீங்கள் கேள்விப்படுகிற பலவற்றின் வேரும் இங்கேதான். கணினிக்கு ஒன்று தரவாகத் தெரிகிறதா, கட்டளையாகத் தெரிகிறதா என்ற குழப்பம். நான் நேர்முகத்தில் கொடுக்கும் அந்த ஆயிரம் வரிக் கோப்புக்கான கட்டளைகளும் பான்டிட்டில் பத்தாவது படிக்குள் வந்துவிடும்.

மடிக்கணினி மக்கர் செய்தால் கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியம் வழியாக, கட்டளைகளை அடிக்க உதவும் டெர்மக்ஸ் செயலியை நிறுவினால் பான்டிட்டை அதிலேயே ஆடலாம். எழுத்துகள் மட்டுமே போய்வருவதால் டேட்டாவும் அதிகம் கரையாது.

பான்டிட் இருபது படி தாண்டியபிறகு போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் வெப் செக்யூரிட்டி அகாடமிக்குப் போங்கள். இணையதளங்களைச் சோதிக்கும் பர்ப் சூட் என்ற கருவியைச் செய்கிறவர்கள் அவர்கள்தான். பாடமும் பயிற்சிக்கூடமும் இலவசம். தொடக்கத்தில் ஒரு பொய்க் கடை வரும். பொருட்களின் வகையைத் தேர்ந்தெடுத்தால் முகவரியில் அந்த வகையின் பெயர் தெரியும். அங்கே ஒரே ஒரு மேற்கோள் குறியைக் கூடுதலாகப் போட்டவுடன் தளம் பிழை காட்டும். நீங்கள் அடித்த குறி தரவுத்தளத்தின் கேள்விக்குள் நேராகப் போய் விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பான்டிட்டின் இடைக்கோடு இங்கே மேற்கோள் குறியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (தரவுத்தளக் கேள்விக்குள் கட்டளையைப் புகுத்துவது) என்று புத்தகத்தில் நான்கு முறை படித்தபோது எனக்குப் புரியாதது, அந்தக் குறியை நானே அடித்தபோது புரிந்தது.

கூடவே ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து பட்டியலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இணையச் செயலிகளில் அதிகம் காணப்படும் ஓட்டைகளை 2003 முதல் அவ்வப்போது தொகுத்துவருகிறார்கள். 2021 பட்டியலில் முதலிடம் பெற்றது அணுகல் கட்டுப்பாட்டுத் தவறு. முகவரியில் இருக்கும் உங்கள் எண்ணை மாற்றி அடுத்தவர் எண்ணைப் போட்டால் அவருடைய விவரம் வந்துவிடுவது போன்றது. மாயமந்திரம் எதுவும் இல்லை. எழுதியவர் ‘இதைக் கேட்பவர் உரிமை உள்ளவரா’ என்று ஒரு வரி சோதிக்க மறந்துவிட்டார். அந்த ஒரு வரியை நினைவில் வைத்து எழுதுகிற நிரலாளராக நீங்கள் வந்தாலே போதும், இந்த நாட்டுக்குப் பெரிய உதவி. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் போட்டியின் பழைய புதிர்களும் நல்ல பயிற்சி.

இதைச் சொல்லாமல் நகர மாட்டேன். இதையெல்லாம் பயிற்சிக்கென்று திறந்துவைத்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். உங்கள் கல்லூரியின் தேர்வு முடிவுத் தளத்தில் அந்த மேற்கோள் குறியை அடித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் மேல் காவல் நிலையத்தில் ஒரு வழக்கு விழுந்தால் அதைத் துடைத்தெடுப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தற்செயலாக எங்காவது ஓட்டை கண்ணில் பட்டால், தோண்டாமல் அப்படியே நிறுத்தி, செர்ட்-இன் அமைப்புக்கு எழுதுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்புக் குழு அது, 2004 முதல் செயல்படுகிறது. அதன் எச்சரிக்கைக் குறிப்புகளையும் வாரம் ஒருமுறை பார்க்கலாம்.

அந்தக் குறிப்புகளை ஏன் பார்க்க வேண்டும்? 2017 மார்ச்சில் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகமெங்கும் பரவியது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. திருத்தத்தைப் போட்டுக்கொண்டவர்களின் கணினிக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. இப்படிப் பொதுவில் அறிவிக்கப்படும் ஓட்டைகளுக்கு சிவிஇ என்று ஓர் எண் கொடுப்பார்கள். 2021 டிசம்பரில் ஜாவா மொழி உலகத்தையே தூங்கவிடாமல் செய்த லாக்4ஷெல் என்ற ஓட்டையின் எண் சிவிஇ-2021-44228. ஆண்டுதோறும் பல்லாயிரம் எண்கள் வருவதால் எல்லாவற்றையும் படிக்க முடியாது. உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளை மட்டும் அமெரிக்க அரசின் சிசா அமைப்பு ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. தொடங்குகிறவருக்கு அது போதும்.

படிக்கும் பாடத்தை வீட்டுக்கு உடனே பயன்படுத்துங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா, காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். மகனின் பைக் அவர் பெயரில் இருக்கிறது. ஒருநாள் ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. திறப்பதற்குமுன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார், நல்லவேளை. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்திருந்தது, அதாவது அது ஓர் ஆண்ட்ராய்டு செயலி. அபராதச் சீட்டு எதற்குச் செயலியாக வர வேண்டும்? அதை நிறுவாமல் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினேன். பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் அங்கே சோதித்துச் சொல்லும். பாதிக்கு மேல் சிவப்பு. அது கேட்கும் அனுமதிகளைப் பார்த்தால் முதல் வேலையே குறுஞ்செய்திகளைப் படிப்பது. வங்கியிலிருந்து வரும் ஓடிபி அவர்களுக்குப் போய்விடும். ‘என் புள்ள காலேஜ் ஃபீஸ் அதுலதான்ப்பா இருக்கு’ என்றார் அக்கா. ஒன்று நினைவில் வையுங்கள். அந்தத் தளத்தில் ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை அங்கே ஏற்றக் கூடாது. யாராவது ஏற்கெனவே பணத்தை இழந்துவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவும்முன் நிறுத்தினால்தான் மீட்க வாய்ப்பு.

உங்களுக்கு ஒரு நல்ல கணக்கு தருகிறேன். ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தை டிராய் ஹன்ட் என்பவர் 2013-இல் தொடங்கினார். உங்கள் மின்னஞ்சல் எந்தத் தகவல் கசிவில் சிக்கியது என்று காட்டும். ஒரு கடவுச்சொல் கசிந்ததா என்றும் சோதிக்கலாம். கடவுச்சொல்லை ஒரு தளத்திடம் கொடுத்துச் சோதிப்பது ஆபத்தில்லையா? அங்கேதான் அழகு. கடவுச்சொல் உங்கள் கணினியிலேயே ஷா-1 என்ற கணித முறையில் 40 எழுத்துச் சரமாக மாறுகிறது. அதில் முதல் ஐந்து எழுத்து மட்டும் போகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த சரங்கள் எல்லாம் பட்டியலாகத் திரும்பி வருகின்றன. பொருந்துகிறதா என்று பார்ப்பது உங்கள் கணினி. முழுச் சரம் வெளியே போகவே இல்லை. இதைச் செய்யும் நிரலைப் பைத்தானில் இருபது, முப்பது வரியில் எழுதலாம். எழுதுங்கள். நேர்முகத்தில் யாராவது அதைக் காட்டி ஏன் ஐந்து எழுத்து என்று விளக்கினால், சான்றிதழைக் கேட்கவே மாட்டேன்.

சிக்கிக்கொண்டால் கேட்க ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம் இருக்கிறது. முழு நிரலையும் கொட்டாமல், பிழை வரும் குறைந்தபட்ச வரிகளையும் பிழைச்செய்தியையும் வைத்துக் கேளுங்கள். அப்படிச் சுருக்கும்போதே பாதிமுறை விடை தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பிழைச்செய்தியின் பொருளைத் தமிழிலேயே கேட்கலாம், நன்றாக விளக்கும். ஆனால் இல்லாத கட்டளையையும் இருப்பதாகத் தயங்காமல் சொல்லும், அதிகாரபூர்வ ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். பான்டிட் விடையையோ மாரியோ படிக்கட்டையோ அதனிடம் கேட்டால், அந்த உழைப்பு அதற்குப் போய்விடும், உங்களிடம் ஒன்றும் தங்காது.

பழைய மடிக்கணினிக்குச் சில சொற்கள். திருட்டு விண்டோஸும் ‘கிராக்’ செய்த மென்பொருளும் வேண்டவே வேண்டாம், அவற்றோடு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று தெரியாது. லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் போடுங்கள். காசு சேர்ந்தால் ரிச்சி தெருவில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டுக்கொண்டால் வண்டி பறக்கும். பைத்தான் ஆவணம் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். டெவ்டாக்ஸ் தளத்தில் எம்டிஎன் உட்படப் பலவற்றை இணையம் இல்லாமல் படிக்கச் சேமிக்கலாம். வீட்டில் உட்கார இடமில்லை என்றால், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் உங்களுக்குப் பக்கம்தான், போய்ப் பாருங்கள்.

இன்று இரவு டெர்மக்ஸை நிறுவி, பான்டிட்டின் முதல் கதவைத் திறங்கள். இடைக்கோட்டில் திரை நின்றுவிட்டால் மூடிவிடாமல், என்னென்ன அடித்துப் பார்த்தீர்கள் என்று வரி வரியாக எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து பேசுவோம்.